சி ஷிப்ட் எந்தக் கிழமை?

பாலிடெக்னிக் முடித்துத் திருநெல்வேலியிலிருந்து வந்த எனக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. நாங்கள் நான்கு பெண்கள் தங்கியிருந்த அறை சென்னையை ஒட்டிய பிள்ளைப்பாக்கத்தில். எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. அந்த ஒரு காரணத்தால்தான், தெருமுனையில் இருந்த தொடக்கப் பள்ளிக்குள் பாடம் நடக்கும் நாளில் என்னால் போக முடிந்தது.

புதன் மதியம் ஐந்தாம் வகுப்புக்கு இணையத்தில் கணக்கு விளையாட்டு நடத்தினேன். கொண்டுபோக வேண்டியவற்றை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி டிக் அடித்துவிடுவேன். மடிக்கணினி, டேட்டா கார்டு, மவுஸ், டேட்டா கார்டைச் சன்னல் வரை இழுத்துப் போக ஒரு நீள ஒயர், மின்வெட்டு நீண்டு பேட்டரியும் கைவிட்டால் கரும்பலகையில் தொடர சாக்பீஸ். சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால்தான் டேட்டா கார்டுக்கு சிக்னல் கிடைக்கும். காற்றடித்தால் பக்கம் பாதியில் நின்றுபோகும்.

தலைமை ஆசிரியை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வருகிறவர். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். “ஆட்டம் காட்டிட்டுப் போயிடாதம்மா. அப்புறம் என் வாய்ப்பாட்ட எவன் கேப்பான்?”

நான் பயன்படுத்திய தளத்தைச் சென்னையில் சில ஆசிரியர்கள் சேர்ந்து தமிழில் நடத்தி வந்தார்கள். பின்னங்களை நிறுக்கும் தராசு, எண்கோட்டில் தாவும் தவளை என்று பல விளையாட்டுகள். பிள்ளைகளுக்குத் தவளைதான் உயிர். விடை தப்பினால் அது தண்ணீரில் விழும். “வுழுந்துச்சுடா டோய்!” என்று வகுப்பே கூத்தாடும். கணக்கில் தப்புச் செய்துவிட்டு ஒரு பிள்ளை சிரிப்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

தவளை ஒரு பெண்ணின் வாயையும் திறந்தது. ஐந்தாம் வகுப்பிலேயே சின்ன உருவம். அப்பா, அம்மா இருவருக்கும் கம்பெனி வேலை. “எழுதச் சொன்னா எழுதும். எழுப்பிக் கேட்டா அழும்” என்று தலைமை ஆசிரியை அவளைப் பற்றி எச்சரித்திருந்தார். நான் எழுப்பிக் கேட்கவில்லை. தவளை விழப்போன ஒரு நாள், கடைசி வரிசையிலிருந்து “மைனஸ்டா, பின்னாடி போவணும்” என்று ஒரு குரல் வந்தது. அவள்தான். அதற்குப் பிறகு வாரா வாரம் ஒரு வரிசை முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அந்தத் தளத்தில் பள்ளிகளுக்கிடையே ஒரு சவாலும் உண்டு. ஒரு சுற்றில் எல்லா விடையும் சரியாக இருந்தால்தான் அடுத்த சுற்று. எங்கள் வகுப்பில் மவுஸ் பிடிப்பவருக்கு ஆப்பரேட்டர் என்று பெயர். அவரவர் வீட்டில் கேட்ட சொல்லைப் பிள்ளைகளே வைத்துக்கொண்டார்கள். வகுப்பு முழுக்கச் சேர்ந்து சொல்லும் விடையைத்தான் ஆப்பரேட்டர் அமுக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றும் தாண்டியாயிற்று. மூன்றாம் சுற்று அன்று, யாரும் கூப்பிடாமலே அந்தப் பெண் வந்து ஆப்பரேட்டர் இடத்தில் உட்கார்ந்தாள். நான் ஒயரைச் சரிசெய்வதுபோல நின்றுகொண்டேன்.

கடைசிக் கேள்வி வரை எல்லாம் பச்சை டிக். கடைசிக் கேள்வி எல்லாவற்றிலும் சுலபம். ஒரு காவலாளி திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு வேலையைத் தொடங்கி எட்டு மணி நேரம் வேலை செய்கிறார்; எந்தக் கிழமை அவர் வேலை முடிகிறது?

“திங்கக்கெழம!” என்று வகுப்பே கத்தியது. அவள் அமுக்கினாள். சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. சவாலில் எங்கள் பள்ளியின் பயணம் அத்தோடு முடிந்தது என்று கீழே ஒரு வரியும் வந்தது.

கத்தியவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் கத்தாதவர்கள் ஆனார்கள்.

“ஏண்டி அமுக்குன?”

“நீதான்டா திங்கள்னு சொன்ன!”

“நான் சொன்னா? ஆப்பரேட்டரு நீதான? பெர்ய இன்ஜினியராட்டம் போய்க் குந்திகினா.”

அவள் அழவில்லை. மவுஸை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுப் பழைய கடைசி வரிசைக்கே போனாள். அடுத்த புதனும் அங்கேதான் இருந்தாள். தவளையைத் திறந்து, “வாளா, நீ வந்து பிடி” என்றேன். என் ஊர்ப் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் “வாளாவாம் டோய்” என்று சிரித்தார்கள். அவள் இரண்டு கையையும் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“வேணாங்க்கா. நான் தொட்டா தப்பாப்பூடும்.”

சவாலில் தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இவள் வாய் மறுபடி மூடிக்கொள்ளுமோ என்பதுதான் பயமாக இருந்தது. அவளுக்கு அது ஐந்தாம் வகுப்பு. அடுத்த வருடம் வேறு பள்ளி, பெரிய வகுப்பு. அங்கே இவளை யார் கவனிப்பார்கள்?

எங்கள் தொழிற்சாலை லைனில் பழுதான பொருள் ஒன்று வந்தால் பலகையில் ‘ஏன்’ என்று எழுதுவோம். அதன் விடைக்குக் கீழே இன்னொரு ‘ஏன்’. ஐந்து முறை கேட்க வேண்டும். ஆள் பெயரை மட்டும் எழுதக் கூடாது. மடிக்கணினியை மூடிவிட்டுக் கரும்பலகையில் முதல் ஏனை எழுதினேன்.

“ஏன் தப்பாச்சு?”

“அவ அமுக்…”

“ஆள் பேரு கிடையாது. கம்பெனி ரூல்.”

“திங்கள அமுக்கிட்டோம்க்கா.”

“ஏன் திங்கள்?”

என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். “இன்னாக்கா இது, சி ஷிப்ட்டு தான அது? நைட்டு பத்து மணிக்குன்னா சி ஷிப்ட்டு. திங்கக்கெழம சி ஷிப்ட்டு காலைல வுட்டாலும் திங்கக்கெழமதான்.”

“ஏன்?”

“எங்கப்பா கார்டுல அப்டித்தான் ஏறும்.”

“எங்கம்மாக்கும்.” “எங்க மாமாக்கும்.” நாலா பக்கமிருந்தும் குரல்கள். என் வருகைப் பதிவிலும் அப்படித்தான். செவ்வாய் விடியலில் நான் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பெட்டியில் திங்கட்கிழமைத் தேதிதான் இருக்கும். அந்தக் கேள்வியைப் படித்தபோது என் மனதிலும் முதலில் வந்து நின்றது திங்கள்தான்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமை ஆசிரியை உள்ளே வந்தார். “பன்னண்டு மணிக்குத் தேதி மாறுதா இல்லியா?”

“கடிகாரத்துக்கு மாறும் டீச்சர். கம்பெனிக்கு மாறாது” என்று ஒரு குரல். கடைசி வரிசையிலிருந்து.

அவர் அந்தத் திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எழுதும்மா அத” என்றார். எழுதினேன். நான்காவது ஏனுக்கே தேவை வரவில்லை.

அந்தத் தளத்தில் பள்ளிகள் தாங்களே கேள்வி தயாரித்து அனுப்ப ஓர் இடம் இருந்தது. நாமும் ஒன்று அனுப்பலாம், வீட்டில் நடக்கிற கணக்காக இருக்கட்டும் என்றேன். தண்ணீர் லாரி, ஆட்டுக்குட்டி, பரோட்டா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பரோட்டாக் கேள்வி கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது. அப்போது அந்தப் பெண் எழுந்து நின்றாள். யாரும் எழுப்பாமல்.

“எங்கப்பா கம்பெனில மூணு ஷிப்ட்டு, எங்கம்மாக்கு ரெண்டுதான். வாரா வாரம் மாறும். இந்த வாரம் ரெண்டு பேருக்குமே காலைல. சாயங்காலம் வூட்டுல எல்லாரும் கீறோம். மறுபடி எத்தினி வாரம் கழிச்சு அப்டி வரும்?”

விரலை மடக்கிக்கொண்டே சிலர் மூன்று என்றார்கள், சிலர் ஐந்து. ஐந்து என்று சொன்னவன் “மூணும் ரெண்டும் அஞ்சு, அவ்ளோதான?” என்று அடம்பிடித்தான். அவள் கரும்பலகைக்கு வந்து அப்பாவுக்கு ஒரு வரி, அம்மாவுக்கு ஒரு வரி எழுதினாள். இரண்டு வரியிலும் காலை ஷிப்ட் மறுபடி ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தது ஆறு வாரம் கழித்துத்தான்.

“மீச்சிறு பொது மடங்கு!” என்றார் தலைமை ஆசிரியை. “ஒரு மாசமா அத நடத்த நான் தொண்டை கிழியக் கத்துறேன். இவ வீட்டுலயே வச்சிருக்கா பாரேன்.”

கேள்வியைத் தளத்தில் ஏற்ற, திரையிலிருக்கும் தமிழ் எழுத்துகளை மவுஸால் ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். எழுதியவர்தான் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஐந்து என்று அடம்பிடித்தவன்தான் சொன்னான். “குந்துடி. ஒன் கேள்வி, வேற எவன் அமுக்குவான்?”

அவள் கையை உடையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ‘அப்பா’ வருவதற்குள் இரண்டு முறை பக்கம் நின்றுபோனது. நடுவில் மின்சாரமும் போனது. பேட்டரி இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று வகுப்பு முழுக்க அவள் தோள்மேல் சாய்ந்து நின்றது. அனுப்பு என்ற பொத்தான் வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டுவதற்கு முன்பே அமுக்கிவிட்டாள்.

அடுத்த புதன் கேள்வி தளத்தில் இருந்தது, எங்கள் பள்ளியின் பெயரோடு. எங்கெங்கோ இருக்கும் பள்ளிகளிலிருந்து விடைகள் வந்திருந்தன. ஒவ்வொன்றையும் அவளே சத்தமாகப் படித்து, சரி, தப்பு என்று தீர்ப்புச் சொன்னாள். நான் சன்னலோரம் ஒயரைப் பிடித்தபடி நின்றேன். தொழிற்சாலையில் என் கையெழுத்தோடு எத்தனையோ பெட்டிகள் வெளியே போயிருக்கின்றன. எதைப் பார்த்தும் எனக்கு அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

ஒரு பள்ளி மட்டும் விடைக்குப் பதிலாகக் கேள்வி கேட்டிருந்தது: ‘அந்த வாரம் அப்பா ஷிப்ட் முடிந்தும் ஓ.டி. பார்த்தால் என்ன ஆகும்?’

அவள் மவுஸை இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினாள். முடிக்கிற வரை யாரையும் திரையைப் பார்க்க விடவில்லை. அனுப்பிய பிறகுதான் நகர்ந்து காட்டினாள்.

‘ஓ.டி.க்குக் கணக்கு கிடையாது. லேட்டாகும்னு போன் வரும்.’