மிங்கலாடோன் வரப்பில் ஒரு நரி

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரை வழியனுப்ப ரங்கூன் மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். மனிதர் குடும்பத்தோடு ஊருக்கே போய்விடுகிறார். கடைசி நேரத்தில்தான் இடம் கிடைத்தது. கூட வந்த ஒருவர், "நரி மொகத்துல முழிச்சிருக்கீங்கய்யா!" என்று அவர் தோளைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே மழையில் நனைந்த புல் வாடை வேறு. அந்த வாடை வந்தால் எனக்கு வைரவன் ஞாபகம் வந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் இந்த இடமெல்லாம் வயலும் ரப்பர் தோட்டமும்தான். நானும் வைரவனும் ரங்கூன் துறைமுகத்தில் ஒரே கிடங்கில் வேலை பார்த்தோம். நான் இங்கேயே பிறந்தவன். பர்மியப் பாஷை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து மனைவி காமாட்சியோடு கப்பலேறி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பத்து வார்த்தை பர்மியம் தெரியாது. ஆனால் பட்சி, மிருகம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் ரயிலில் என்னை இழுத்துக்கொண்டு மிங்கலாடோனுக்கு வந்துவிடுவான். அவன் நாரையையும் மீன்கொத்தியையும் தேடுவான். நான் ஸ்டேஷன் வாசலில் மொஹிங்கா விற்கிற பெண் வந்துவிட்டாளா என்று தேடுவேன். மீன் சாறு ஊற்றிய அந்தச் சேமியா ஒரு கிண்ணம் உள்ளே போனால்தான் எனக்கு இயற்கை அழகாகத் தெரியும்.

ரப்பர் தகடு காய்கிற நாற்றத்தைத் தாண்டிப் போனால் வயல் வரப்பு. அங்கே நரிகள் உண்டு. எங்களைக் கண்டதும் வாலைத் தாழ்த்திக்கொண்டு நழுவிவிடும். "முதுகைப் பாத்து என்னடா பிரயோசனம், மொகத்தையில்ல பாக்கணும்" என்று அலுத்துக்கொள்வான்.

அவனுடையது தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்க ஒரு நாள் காலை பத்து மணிக்குத் துரை நேரில் பார்ப்பதாக இருந்தது. ஓர் இடம், மூன்று பேர். தவறினால் மறுபடி மூட்டை தூக்கப் போக வேண்டும். காமாட்சி வேறு ஏழு மாசம் முழுகாமல் இருந்தாள். "இன்னிக்கு மட்டும் அது மொகத்துல முழிச்சிட்டா போதும் மாப்ளே" என்று விடியற்காலையில் என்னை வந்து எழுப்பினான்.

அன்றைக்கு நரி ஓடவில்லை. வரப்பில் நின்று எங்களையே பார்த்தது. வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. கால் லேசாகப் பின்னியது. "பாருடா, நம்மளையே பாக்குது!" என்று வைரவன் கையெடுத்துக் கும்பிட்டான். அது நேராக வந்து, அவன் கெண்டைக்காலில் ஒரு கடி கடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல நடந்து போயிற்று. தூரத்தில் ஒரு பர்மிய விவசாயி வெட்டுக்கத்தியோடு ஓடி வந்தார். "யூடே! யூடே!" என்று கத்தினார். பைத்தியம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

"என்னடா சொல்றாரு?" என்றான் வைரவன்.

மணி எட்டாகப் போகிறது. சொன்னால் பயந்து போவான், துரை முன்னால் நாக்குக் குழறும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "வெரட்டுங்கன்னு சொல்றாரு" என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலம் காமாட்சி கேசரி கிண்டியிருந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிய காலை நீட்டி உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அவன் கடித்தடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். "ஆஸ்பத்திரியில ஒருவாட்டி காட்டிடலாமா?" என்று கேட்டேன். வெறிநாய் கடித்தால் வயிற்றில் பதினான்கு நாள் ஊசி போடுவார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். "வேலையில சேந்த மறுநாளே லீவா? ஒனக்கென்ன கிறுக்கா?" என்றான். நான் கேசரித் தட்டை எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், காலையில் பொய் சொன்னதையும் சொல்ல வேண்டுமே. நாலு நாளில் காயம் ஆறிவிட்டது. நிம்மதியாகக்கூட இருந்தேன். எவ்வளவு கேவலமான நிம்மதி!

ஐந்தாவது வாரம் தண்ணீர்க் குவளையைக் கண்டதும் அவன் தொண்டை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நாய் கடித்ததா என்று கேட்டார். "நாய் இல்லீங்க, நரி. நல்லதுன்னுதான் இவுக சொன்னாக" என்றாள் காமாட்சி. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று நாள். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

காமாட்சியைக் கப்பலேற்றிவிடப் போனேன். நிறைமாதம். படகுத்துறையில் திரும்பி நின்று, "அண்ணே, அந்தப் பர்மாக்காரரு அன்னிக்குக் கத்துனாருன்னாகளே, என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வெரட்டச் சொன்னாரும்மா" என்றேன் மறுபடியும். அவள் தலையாட்டிவிட்டு ஏறிப் போனாள்.

வரப்பைச் சமமாக்கிக் கல் பாவி விமானம் ஓடும் பாதையாக்கிவிட்டார்கள். நரியைப் பார்த்தவர்கள்கூட இந்தப் பக்கம் யாருமில்லை. இராமநாதபுரத்துப் பக்கத்து ஊர்க்காரர் யாரைப் பார்த்தாலும் காமாட்சியை விசாரிப்பேன். இருக்கிறாளா, பிள்ளை பிழைத்ததா, ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று கேட்ட கேள்விக்குச் சரியான பதில் என்னிடம் இருக்கிறது. கேட்டவளைத்தான் காணோம்.