அந்தோணியாருக்கு மூச்சு முட்டிய வள்ளம்

ஒட்டினது உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பிப் பார்ப்பது என் தொழில். இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் பல்செட்டைச் சுறா கொண்டுபோகட்டும். சத்தியம், சத்தியம், சத்தியம்! கல்ஃபில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் படித்த வித்தை. அங்கே என் எந்திரத்தில் ஒரு திமிங்கலம் தும்மியதுகூடப் பதிவாயிற்று. இப்போது குளச்சலில், பலகைமேல் பைபர் ஒட்டிய மீன்பிடி வள்ளங்களுக்குப் பார்க்கிறேன். எந்திரம் சொன்னதை நம்பாதவர்களிடம் மாரடித்த எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

பசை

மரியதாசன் புது வள்ளம் கட்டியிருந்தான். மறுநாள் அவனும் இரண்டு மகன்களும் அதில் முதன்முதலாகக் கடலுக்குப் போக வேண்டும். ஒலி இறங்குவதற்காக நான் பசை தடவியதைப் பார்த்து அவன் மனைவி பிலோமினா சொன்னாள்: "இதே பசையத்தான் மார்த்தாண்டத்துல எனக்க வயித்துல தேச்சாவ. ஆணா பெண்ணான்னு மட்டும் சொல்லிராதேயும் அண்ணே, கேஸாயிரும்."

முன்மூக்கு

பைபர் பலகையோடு ஒட்டியிருந்தால் ஒலி உள்ளே போய்த் திரும்பும். இடைவெளி இருந்தால் வாசலிலேயே திரும்பிவிடும். முன்மூக்கில் வாசலிலேயே திரும்பியது; அதுவும் காலண்டர் அளவுக்கு, நாலு மூலையும் சுத்தமாக. இவ்வளவு ஒழுங்கான கோளாறை நான் பார்த்ததே இல்லை. விசாரித்தால், பைபர் போடுமுன் பிலோமினா அந்தோணியார் படத்தை லேமினேஷன் செய்து பலகைமேல் வைத்திருக்கிறாள். வழவழ பிளாஸ்டிக்கில் பைபர் பிடிக்கவில்லை. நாலு அலை அடித்தால் உரிந்து, தண்ணீர் ஏறி, மூக்கு பிளக்கும்.

"அறுத்து எடுக்கணும்" என்றேன். அவள் முன்மூக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "அவர அறுத்து எடுத்தா எனக்க பிள்ளையள ஆரு காப்பாத்துவா? நீரா?"

மூச்சு

பொறியியல் எடுபடவில்லை. எந்திரத்தில் காதை வைத்தேன். "பிலோமினா, உள்ள மூச்சு முட்டுதாம். கொஞ்சம் வெளிய எடுன்னு சொல்லுதாரு."

இறங்கிவிட்டாள். ஓரத்தை அறுத்ததும் மரியதாசன் இரண்டு விரலால் இழுத்தான். பைபர் வாழைப்பழத் தோல்போல உரிந்து வந்தது. அவன் படத்தைப் பார்க்கவில்லை, மகன்களைப் பார்த்தான். புதுப் பைபர் போட்டுக் காய்ந்தபின் பார்த்தேன், குறையில்லை. படத்தை உள்பக்கம் கயிற்றில் தொங்கவிட்டார்கள்.

வள்ளம் அலையைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டே பிலோமினா என்னிடம் சொன்னாள்: "புனிதர் பேருல பொய் சொன்னதுக்குப் பங்குச்சாமியிட்ட பாவசங்கீர்த்தனம் செய்யும், அண்ணே. ஆனா அவங்க மூணுபேரும் கரைக்கு வந்த பொறவு செய்தாப் போதும்."

வள்ளத்தின் ஒட்டைப் பார்க்க எந்திரம் போதும், வள்ளத்துக்காரியை இறக்க நாக்கு வேண்டும் என்பதே என் தொழில் ரகசியம்; சொன்னது யாரென்று பங்குச்சாமி கேட்டால் மட்டும் என் பெயரை எடுத்துவிடாதீர்கள்.