மௌனியும் கத்தல்காரனும்

"துலைச்ச சாமானைத் தேடப் போறவன் முதலிலை வடிவாச் சாப்பிட்டிட்டுப் போகவேணும், பிறகு…" என்று என் பெரியப்பா ஏதோ சொல்லுவார். அந்தப் 'பிறகு'க்குப் பிறகு வருவது எனக்கு மறந்துபோய்விட்டது. சாப்பிடச் சொன்னது மட்டும் நினைவில் நிற்கிறது.

நிலத்துக்குள் உலோகம் தேடும் கருவிகளை விற்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. வருகிறவர் எதைத் தேடப் போகிறார் என்று சொல்லமாட்டார். எது நல்ல மொடல் என்று மட்டும் கேட்பார். கடையொன்றில் இரண்டு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நான் கடை மேசையின் மறுபக்கம் நின்று முழித்தவன். எண்பதுகளின் நடுவில், சுவிற்சர்லாந்தில், சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஷ்லீரனில்.

இங்கிலிஷ் புத்தகம்

ரேடியோ உதிரிப்பாகங்களோடு இந்தக் கருவிகளையும் விற்கும் கடை அது. பெட்டி உடைத்து அடுக்குவதற்குத்தான் என்னை எடுத்தார்கள். கருவிகள் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும். கூட வரும் கைநூல் இங்கிலிஷில் மட்டும் இருக்கும். முதலாளியம்மா ஃபிரௌ அம்ஸ்லருக்கு ஜெர்மனும் பிரெஞ்சும் தண்ணீர்பட்ட பாடு, இங்கிலிஷ் சுத்தமாக வராது. ஒருநாள் தேநீர் நேரத்தில் பெட்டி மேல் இருந்து கைநூல் வாசித்துக்கொண்டிருந்த என்னைக் கண்டுவிட்டார். ஏசப் போகிறார் என்று எழும்பினேன். அவரோ என்னைக் கையோடு முன்பக்கம் கூட்டிப்போய் விற்பனை மேசையில் நிறுத்தினார்.

என்னிடம் அப்போது இருந்த ஜெர்மன் சொற்களில் பாதி அகதி விசாரணையில் பொறுக்கியவை. இங்கிலிஷில் வாசித்து, தமிழில் யோசித்து, ஜெர்மனில் சொல்லவேண்டும். முதலில் வந்தவர் வேலையிலிருந்து இளைப்பாறிய ரயில் கொண்டக்டர். அரை மணித்தியாலம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஃபிரௌ அம்ஸ்லரிடம் திரும்பிச் சொன்னார்: "இவன் சொன்னதிலை பாதி எனக்கு விளங்கேல்லை. ஆனால் இவன் புத்தகத்தை வாசிச்சிருக்கிறான், நீங்கள் வாசிக்கேல்லை."

மாட்டுக்கு ஏற்ற மொடல்

எங்களிடம் அதிகம் விலைபோனவை இரண்டு மொடல்கள். இலக்கங்கள் நாக்கில் நிற்காததால் நானே பெயர் வைத்தேன். ஒன்று கத்தல்காரன். ஆணி, சோடா மூடி, சொக்கிலேற் வெள்ளித்தாள், தங்கம் எதற்கும் ஒரே கத்தல். மற்றது மௌனி. அதில் ஒரு திருகி இருக்கும். கொஞ்சம் திருகினால் ஆணிக்கு வாய் திறக்காது. இன்னும் திருகினால் வெள்ளித்தாளுக்கும் பேசாது. மேலும் திருகினால் பியர் ரின்னை இழுத்துத் திறக்கும் இழுவளையத்தையும் கண்டுகொள்ளாது. குப்பையை ஒதுக்கி, நல்லதுக்கு மட்டும் குரல் கொடுக்கும் என்பது கைநூலின் வாக்கு. ஒரே நிபந்தனை, தடியின் நுனியிலுள்ள தட்டை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஆட்டம் நின்றால் அதற்குக் காது கேட்காது.

இரண்டில் ஒன்றைக் கொள்விலைக்கு எனக்குத் தருவதாக ஃபிரௌ அம்ஸ்லர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாறி மாறி இரவல் எடுத்துப்போய் லிம்மாத் ஆற்றங்கரையில் பழகினேன். எனக்கு அதுவே பொழுதுபோக்காகிவிட்டது. மனம் முழுக்க மௌனியின் பக்கம்தான்.

ஒருநாள் ஒரு கமக்காரர் வந்தார். அவருடைய பசு வைக்கோலோடு கம்பித் துண்டு விழுங்கிவிட்டதாம். வயிற்றில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். நான் மௌனியைத் தூக்கிக் காட்டி, ஆட்டவேண்டிய விதத்தைத் தொழில் பக்தியோடு விளங்கப்படுத்தினேன். மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "தம்பி, நீ உந்தத் தட்டை வயித்துக்குக் கீழ ஆட்டினால் அது உதைக்கும். தட்டைப் பிடிச்சுக்கொண்டு பசுவை ஆட்டலாமோ?"

கட்டிலுக்குக் கீழே

நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். இரத்தினம் அண்ணை, அவர் மனைவி செல்வராணி அக்கா, யோகன், நான். ஒரே அடுப்பு, ஒரே சோற்றுப் பானை. முதன்முதலாகக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று யோகன் சமைத்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்து, "என்னடாப்பா, வீட்டைச் செக் பண்ணப் போறியோ?" என்று சிரித்தான். இரத்தினம் அண்ணை சிரிக்கவில்லை. ஊரில் ஆமிக்காரர் அதே மாதிரி ஒன்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணிவெடி தேடித் தெருவைத் தடவி வந்ததைப் பார்த்தவர் அவர். "தம்பி, உதைக் கட்டிலுக்குக் கீழ தள்ளு. உது கண்ணிலை பட்டால் எனக்குச் சோறு இறங்காது."

ரோஸ் தாள்

செல்வராணி அக்காவின் தாலிக்கொடியில் கொளுக்கி தளர்ந்துவிட்டது. அதைத் திருத்தத் தெரிந்த நகைப் பத்தர் அப்போது சூரிச் பக்கத்தில் எங்கே இருந்தார்? கழற்றி, நகைக்கடை ரோஸ் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்திருந்தா. ஒரு ஞாயிறு ஆற்றங்கரைப் புல்வெளிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம். காய்ச்சல் என்று யோகன் மட்டும் வீட்டில் நின்றான். மாங்காய் வெட்டக் கத்தி தேடி அக்கா பையைப் பாயில் கவிழ்த்துக் கொட்டினா. செவ்வாய்க்கிழமை பார்த்தால் கொடி இல்லை. பை திங்கட்கிழமை முழுக்க, காய்ச்சலோடு யோகன் தனியே நின்ற வீட்டில் கிடந்தது; ஞாயிறு புல்லில் கிடந்தது. எங்கே போனதென்று யார் சொல்வது?

நான் சொல்கிறேன் என்று கிளம்பினேன். மௌனியை எடுத்துப்போய், திருகியை இழுவளையம்வரை திருகிவிட்டு, பாய் விரித்த இடத்தையும் சுற்றுப்புறத்தையும் இரண்டு மாலை தடவினேன். ஒரு முனகல்கூட இல்லை. மெல்லிய தங்க நகைகளும் சிலவேளை தவறலாம் என்று கைநூலில் ஒரு வரி இருந்தது உண்மைதான். வாசித்தபோதே அதைத் தள்ளிவிட்டேன். அது வெள்ளைக்காரரின் ஒன்பது கரட் கலப்புக்குச் சொன்னது. எங்களுடையது இருபத்திரண்டு கரட் பவுண் அல்லவா? வீட்டுக்கு வந்து, "புல்லுக்குள்ளை இல்லை அண்ணை" என்று அடித்துச் சொன்னேன். இரத்தினம் அண்ணை யோகனின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மனுசர் பொய் சொல்லுவினம். மிசின் ஏன் சொல்லுது?"

சின்னப் பானை

யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா தன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டா. அண்ணை யோகனோடு கதைப்பதைக் குறைத்தார். நானும் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிடப் பழகினேன். வெள்ளிக்கிழமை யோகன் வேலை முடிந்து வரும்போது ஒரு சின்ன அலுமினியப் பானை வாங்கி வந்தான். பெரிய பானை வெந்து இறங்கும்வரை அடுப்படியில் காத்து நின்று, தன் பானையை ஏற்றினான். ஏன்டா என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "இனி என்ரை அரிசியை நானே போடுறன்."

ஃபிரௌ அம்ஸ்லரின் சங்கிலி

அன்றிரவு அடுப்படியில் இரண்டு பானைகள் கவிழ்ந்து கிடந்தன. மறுநாள் சனிக்கிழமை, மத்தியானம் கடை பூட்டியதும் கைநூலைத் திரும்ப எடுத்தேன். அந்த வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று: சங்கிலியைக் கருவி ஒரே பொருளாக அறியாது, கண்ணி கண்ணியாகத்தான் அறியும், ஒரு கண்ணி வெள்ளித்தாள் துண்டளவுக்கே தெரியும். கரட்டைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மரத் தரையில் போட்டேன். அம்மா செய்து போட்டது, அதே இருபத்திரண்டு. மௌனி பேசவில்லை. கத்தல்காரனைப் பிடித்தேன், கத்தினான். பார்த்துக்கொண்டு நின்ற ஃபிரௌ அம்ஸ்லர் தன் சங்கிலியையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். மௌனி அதற்கும் பேசவில்லை. அது செத்துப்போன கணவர் கொடுத்த சங்கிலி. குனிந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருசம் போட்டிருக்கிறன். உன்ரை கெட்டிக்கார மிசினுக்கு இது குப்பை."

நகரசபை ஆள்

மறுநாள் ஞாயிறு விடியக் கத்தல்காரனோடு போனேன். பெட்டி கட்டும் கயிற்றால் புல்வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். ஒரு கட்டத்தில் எழுகிற ஒவ்வொரு சத்தத்தையும் கிண்டி முடிக்காமல் அடுத்த கட்டத்தில் கால் வைப்பதில்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். ஆணி வந்தது. மூடி வந்தது. இழுவளையம் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. புல்லை வேரோடு கத்தியால் கிளப்பி, பார்த்துவிட்டுத் திரும்ப அமத்தி மிதித்தேன். சுவிஸ்காரர் புல்லுக்கு நோகவிடமாட்டார்கள். அன்று கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. முழங்கால் இரண்டும் பச்சை.

மூன்றாம் ஞாயிறு நாயோடு உலாத்த வந்த ஒரு கிழவி பக்கத்தில் நின்று என் பையை எட்டிப் பார்த்தா. நிறையத் துருவும் தகரமும். நான் விளக்கம் சொல்ல வாயெடுக்குமுன் தலையாட்டி மெச்சினா: "எங்கட நகரசபை கடைசியிலை வேலை செய்யிற ஒருத்தனை எடுத்திருக்கு."

ஒரு கேள்வி

அவ போய் இரண்டு கட்டம் கழித்து, பாய் விரித்த இடத்திலிருந்து பத்து அடி தள்ளி, அன்று பாயை உதறிய பக்கத்தில், ஒரு சத்தம். இதுவும் வளையம்தான் என்று கிண்டினேன். ரோஸ் தாள் மழையில் கூழாகியிருந்தது. உள்ளே கொடி.

அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதா. அண்ணை என் தோளைப் பிடித்தார். பிறகு யோகனின் கதவடியில் போய் நின்று, தட்டாமலே திரும்பி வந்தார். நான் தட்டினேன். கட்டிலில் இருந்து சப்பாத்துக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தான். கிடைத்துவிட்டது என்றேன், பிழை என்னுடையது என்றேன், திருகி, கண்ணி, கரட் எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டான். பிறகு நூலை இழுத்து முடிந்துகொண்டு சொன்னான்:

"மிசினிட்டை ரெண்டு தரம் கேட்டனி. என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

திங்கட்கிழமை கடை திறந்ததும் ஃபிரௌ அம்ஸ்லரிடம் சொல்லி, கத்தல்காரனைக் கொள்விலைக்கு எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.