வீட்டுத் தீர்வைக்கு அளவெடுத்த நாட்கள்

பூட்டிய வீட்டைக்கூட அளந்துவிடலாம், ஆள் இருக்கிற வீட்டை அளப்பதுதான் கஷ்டம். மீட்டர் பார்க்கவும் கணக்கெடுக்கவும் கதவு தட்டிய எல்லாருக்கும் இது தெரியும். தண்ணீர் கேட்டால் மோர் தருகிற அதே வீடு, டேப்பை எடுத்ததும் உங்களைத் திருட வந்தவளைப் போலப் பார்க்கும். எம்.ஏ. முதல் வருஷ விடுமுறையில், எங்கள் ஊர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து ராஜபாளையம் போய் நான் பார்த்த ஒப்பந்த வேலை இது. வீட்டு வரியை, எங்கள் பக்கத்துப் பேச்சில் தீர்வையை, உயர்த்த நகராட்சிக்கு ஒரு உத்தேசம். முடிவெடுக்குமுன் மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு கூட்டம். அதற்கும் முன்னால் எல்லா வீட்டுக்கும் புது அளவு.

கோழி அறை

ஒரு பலசரக்குக் கடைக்காரர் மாடியில் புதிதாக அறை கட்டியிருந்தார். அது அறையே இல்லை, வெயிலுக்கு மறைப்பு என்றார். நாலு சுவர் இருக்கிறதே என்றேன். மறைப்பு என்றால் நாலு பக்கமும்தானே மறைக்கணும் என்றார். நான் விடுவேனா? சுவர், கூரை, கதவு மூன்றும் இருந்தால் அது அறைதான் என்று படிக்கட்டில் நின்றபடியே வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே கோழி வளர்க்கப் போவதாகச் சொன்னார். ஜன்னலுக்கு மேலே இருந்த ஏ.சி.யை விரலால் காட்டினேன். அவர் முகம் மாறவே இல்லை.

"நம்ம ஊரு வெக்கை கோழிக்கு ஆகாது பாப்பா."

தொட்டில்

மாரியம்மாள் அக்கா வீட்டில் சிரிக்க முடியவில்லை. முன்னறையில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி இரண்டு. நடுவில் உத்திரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில், அந்தத் தடதடப்பிலேயே தூங்கிக்கொண்டிருந்தான் அவர் பையன். என் கேள்வி காதில் விழவில்லை என்று அக்கா தறியை நிறுத்தினார். சத்தம் நின்றதும் பிள்ளை விழித்து அழ ஆரம்பித்துவிட்டான்.

உத்தேச விதிப்படி, தொழில் மெஷின் இருக்கிற வீடு முழுக்கக் கடைக் கணக்கில் வரும். தீர்வை மளமளவென்று ஏறிவிடும். அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. இதெல்லாம் தெரிந்தும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டேப்பின் மறுமுனையை அக்காவேதான் பிடித்துக்கொடுத்தார்.

"கடைன்னு போட்டா நமக்குக் கட்டுபடியாகாது தாயி. தறியை வித்துட்டு மில்லுக்குப் போயிருவேன், இவனை எங்க போட்டுட்டுப் போக?"

ஆறிப்போன டீ

எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனிதர். அதனால்தான் அவரிடம் சண்டை போட முடிந்தது. சரக்கு வாங்க ஒரு ஆள் படியேறாத வீடு எப்படிக் கடையாகும் என்று கேட்டேன். தையல் மெஷின் இருந்தால்? மாவு ஆட்டிக் கொடுத்தால்? டியூஷன் எடுத்தால்? டீ ஆறும்வரை கேட்டேன். அவர் பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்: மழை பெய்தால் தெருச் சாக்கடை அந்த மாரியம்மாள் வீட்டுக்குள்தானே ஏறுகிறது, வாய்க்கால் கட்ட யார் பணம் தருவது?

தீர்வையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை தூங்குகிற அறையைக் கடை என்று சொல்லாதீர்கள் என்கிறேன். அதைக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லப் போகிறேன் என்றேன்.

"நீ அளக்கிற ஆளும்மா. சம்பளம் வாங்கிக்கிட்டு அங்க பேசக் கூடாது. நாற்காலி எடுத்துப் போடு, போதும்."

பக்கத்து வீட்டு நியாயம்

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மாரியம்மாள் அக்கா பிள்ளையோடு பின்வரிசையில் இருந்தார். நீங்களே எழுந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார். வாய் திறந்தவர் வீட்டைத் திரும்ப அளப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்படியெல்லாம் இல்லை என்று அளக்கிறவளே சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை. அதனால் மைக்கைப் பிடித்த அத்தனை பேரும், எனக்கு ஒரு குறையும் இல்லை, பக்கத்து வீட்டுக்காக வந்தேன் என்றே ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து இவருக்காகப் பேசினார். எனக்கானால் ஆத்திரம். சொந்த வீட்டுக்கு வாய் திறக்கப் பயம் என்றால் கூட்டம் எதற்கு?

அப்போது ஒரு ரிட்டயர்டு ஏட்டு எழுந்தார். அக்காவுக்கு அடுத்த வீடு. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தறிச் சத்தம் தாங்கவில்லை என்று மனுக் கொடுத்தவர் அவர், இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது.

"அந்தத் தறி மேல மனுப் போட்டவன் நாந்தான்யா. அதனால நான் சொன்னா பொய்யிருக்காது. நாள் பூரா சுவருக்கு இந்தப் பக்கம் கெடக்கேன். ஒரு ஆள் அங்க சாமான் வாங்க வந்து நான் பாத்ததில்ல. பிள்ளை அழும், குக்கர் விசிலடிக்கும். அது வீடு."

அதிகாரி எழுதிக்கொண்டார். முடிவு இன்னும் வரவில்லை. ஏட்டையா மைக்கைக் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்கு வந்தார். அக்காவைப் பார்க்காமல், மடியிலிருந்த பையனைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலே, உங்கம்மாட்ட சொல்லு. மனுவை நான் வாபஸ் வாங்கல."

கருத்துக் கேட்கக் கூட்டிய அந்தக் கூட்டத்தில் எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன், பேச அனுமதி இல்லாதவளும் நான் ஒருத்திதான் என்பதால்.