இரண்டாம் பார்வைக் கையெழுத்து

எங்கள் தெருவில் என்னை 'ராக்கெட் சார்' என்பார்கள். மருந்துக் கடைக்காரர் மாத்திரையோடு ஒரு சலாமும் சேர்த்துத் தருவார். மண்ணாங்கட்டி ராக்கெட்! முப்பத்தொரு வருஷ வேலையில் ராக்கெட் கிளம்புவதை நான் நேரில் பார்த்தது நான்கே முறை. என் வேலை கையுறை. விண்வெளி வீரர்கள் கலத்துக்கு வெளியே போய் வேலை செய்யும்போது போட்டுக்கொள்ளும் உடையில் மணிக்கட்டுக்குக் கீழே இருப்பது மட்டும் என் பொறுப்பு. "சட்டைப் பட்டன் தைக்கத் தெரியாது, இவர் கையுறை எஞ்சினியராம்" என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பட்டன் கிடக்கட்டும். அந்தக் கையுறையையாவது ஒழுங்காகப் பார்த்தேனா? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கையுறைகளைத் தைத்தவர் மாஸ்டரம்மா. தையல் பிரிவின் தலைவி என்பதால் அந்தப் பெயர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு வீரரின் விரலையும் தனித்தனியாக அளந்து, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு மடிப்பு வைத்துத் தைப்பார். ஒரு வீரர் கையுறையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என் சொந்தக் கை கூட இவ்வளவு சொன்ன பேச்சு கேக்காதும்மா" என்றார். மாஸ்டரம்மாவுக்கு வெட்கம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கையுறையின் வாயில் ஓர் உலோக வளையம் இருக்கும். அதனுள்ளே ரப்பர் வளையம். காற்று கசியாமல் காப்பது அதுதான். சோதனையெல்லாம் முடிந்து, அந்த ரப்பரைக் கடைசியாகத் துடைத்துப் பொருத்தியபின் இரண்டு பேர் பார்க்க வேண்டும். எங்கள் அறைக்கு அதற்காகவே இரண்டு கதவுகள். முதலில் மாஸ்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, உள் கதவு வழியாகப் போய்விடுவார். அதன்பிறகு வெளிக் கதவு வழியாக நான் தனியாக வர வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து நான் மயங்கிவிடக் கூடாதாம், புதிதாகப் பார்க்க வேண்டுமாம். இதற்கு 'இரண்டாம் பார்வை' என்று பெயர். நான் கையெழுத்துப் போட்டபின் பெட்டியில் வைத்து மூடுவதைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது.

ஆரம்பத்தில் பத்து நிமிடம் பார்ப்பேன். ஒரு தடவை கூட ஒரு தூசி அகப்பட்டதில்லை. பத்து ஐந்தாயிற்று, ஐந்து இரண்டாயிற்று. அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டு வந்தேன். மாஸ்டரம்மா பார்த்ததை நான் பார்ப்பதா, அது அவருக்கே மரியாதைக் குறைவு என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன். சோம்பேறித்தனத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த நாளைச் சொல்கிறேன். மேலே போகப்போகும் வீரர் எங்கள் பிரிவோடு படம் எடுத்துக்கொள்ள வந்திருந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கத்து நாற்காலியில் இடம் பிடிக்க வேண்டுமென்று எனக்கு அரிப்பு. தன் பார்வையை முடித்து உள் கதவு வழியாக வெளியே வந்த மாஸ்டரம்மா என்னை நிறுத்தினார்.

"சார், காலையிலேர்ந்து கண்ணு எரியுது. எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது. இருந்தாலும் இன்னைக்கு நீங்க கொஞ்சம் நல்லாப் பார்த்துடுங்க."

"உங்க கண்ணு எரிஞ்சாலும் எங்க கண்ணை விட நல்லாத்தான் தெரியும், போங்க" என்றேன்.

வெளிக் கதவால் உள்ளே வந்தேன். பூதக்கண்ணாடி துணிப் பையில் இருந்தது. பையைக்கூட அவிழ்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். படத்தில் வீரருக்கு வலது பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான். மாஸ்டரம்மா அதில் இல்லை. கையுறையைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

நான்கு மாதம் கழித்து அந்த வீரர் கலத்துக்கு வெளியே இரண்டு மணி நேரமாக வேலை செய்துகொண்டிருந்தபோது இடது கையுறையில் காற்று இறங்க ஆரம்பித்தது. எங்கள் அறை ஒலிபெருக்கியில் அவர் மூச்சு கேட்டது. பதினோரு நிமிடம். கம்பியைப் பிடித்துப் பிடித்து அவர் கலத்தின் கதவுக்குள் வந்து சேர அவ்வளவு நேரமாயிற்று. கடவுளே, அது நான் பார்க்காமல் விட்டதால் வந்ததாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அதற்கப்புறம்தான். இந்த வரிசையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் பிழைத்தார். கையுறை திரும்பி வந்தது. ரப்பர் வளையத்துக்கு அடியில், துடைக்கிற துணியின் நூல், நகத்தளவு, வெள்ளையாகப் படுத்திருந்தது. பூதக்கண்ணாடியில் கயிறு மாதிரி தெரிந்தது. குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

விசாரணையில் மூன்று அதிகாரிகள். என்னை முதலில் கூப்பிட்டார்கள்.

"இரண்டாம் பார்வை நீங்கதானே? பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நூல் இருந்ததா?"

"அப்போ இல்ல சார்."

இவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு 'அப்போ' போதுமாக இருந்தது. நான் பார்த்தபோது இல்லாத நூல், பெட்டியில் வைத்தவர் மறுபடி துடைத்ததால்தானே வந்திருக்க வேண்டும்? அடுத்து மாஸ்டரம்மா உள்ளே போனார். அவர் சொன்னதைத் தட்டச்சு செய்த பெண் பிறகு என்னிடம் சொன்னாள்: "தொட்ட ஞாபகம் இல்லைங்க. ஆனா சார் பார்த்தேன்னு சொன்னா, நான்தான் தொட்டிருக்கணும்."

அனுமதியில்லாமல் தொட்டார் என்று அவர் கோப்பில் எழுதி, கருவிகளுக்குத் தூசி உறை தைக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். எனக்கோ, கேட்டால் சிரிப்பீர்கள், புதியவர்களுக்கு இரண்டாம் பார்வையைப் பற்றி வகுப்பு எடுக்கும் வேலை கிடைத்தது. வகுப்பு முடிந்ததும் கைதட்டுவார்கள்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன். அவிழ்க்காத பையைப் பார்த்திருப்பார், தெரிந்தே என்னைக் காப்பாற்றியிருக்கிறார், பெரிய மனசு என்று நினைத்தேன். உணவகத்தில் எதிரே வந்தால் "சாப்டீங்களா சார்?" என்பார். நான் கூனிக் குறுகித் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். அவரே மன்னித்துவிட்டபோது நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று ஏழு வருஷம் ஓட்டினேன். அவர் பெயர் கெட்டது கெட்டபடியே இருந்தது.

அவர் ஓய்வுபெறும் நாளில் கொட்டகையில் தேநீர் வைத்தார்கள். விசாரணை அதிகாரிகளில் ஒருவரும் வந்திருந்தார். மாஸ்டரம்மாவின் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. யாரோ அதை மாஸ்டரம்மாவிடம் நீட்ட, அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தார்.

"ஏம்மா, பேரனைத் தூக்க மாட்டாங்களா?" என்று மகளிடம் கேட்டேன்.

"அவங்களா? யாராவது பக்கத்துல பிடிச்சுக்கிட்டாத்தான் தூக்குவாங்க. அடுப்பை அணைச்சா நான் ஒரு தடவை பார்த்துச் சொல்லணும், பூட்டைப் பூட்டினா நான் இழுத்துப் பார்க்கணும். ஏழு வருஷமா இப்படித்தான் சார். 'என் கை என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியலடி, ஒரு ஆளையே கொல்லப் பார்த்த கை இது'ம்பாங்க."

என் முகத்தில் ஈயாடவில்லை. இந்த அம்மாள் என்னைக் காப்பாற்றவே இல்லை. என்னை நம்பியிருக்கிறார். என் பேச்சை நம்பி, தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு ஏழு வருஷம் இருந்திருக்கிறார். பெரிய மனசு என்று நான் அவருக்குப் பட்டம் கொடுத்தது என் தூக்கத்துக்காக.

தையல் இயந்திரத்தின் பக்கம் அவர் தனியாக நின்றபோது போய்ச் சொன்னேன்.

"மாஸ்டரம்மா, அன்னைக்கு நான் பார்க்கல. கண்ணாடியை எடுக்கவே இல்ல. படம் எடுக்க ஓடிட்டேன். நூல் முதல்லேர்ந்தே இருந்திருக்கு."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"அப்போ... நான் மறுபடி தொடலையா சார்?"

"தொடலைம்மா."

"கண்ணெரிச்சல்ல நான் நூலைக் கவனிக்கல, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுக்குத்தானே நான் இருந்தேன்."

அவர் இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நெசமாவா?"

"நெசம்மா. சத்தியமா."

"அன்னைக்கும் நீங்க சொன்னதைத்தான் சார் நம்பினேன். இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க. நான் எதை நம்பட்டும்?"

தேநீர் மேசைக்குப் போய், அந்த அதிகாரிக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி முதலிலிருந்து சொன்னேன். "இப்ப எதுக்கு சார் அந்தப் பேச்சு, நல்ல நாளும் அதுவுமா" என்றார் அதிகாரி. எழுதிக்கொள்ளச் சொல்லி மறுபடியும் சொன்னேன். அதிகாரி பேனாவை எடுக்கிறாரா என்று மாஸ்டரம்மா இயந்திரத்தின் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.