கறார் அக்கா சொல்லாமல் விட்டது

செவ்வாய்க்கிழமை காலை, லாரியில் பேலட், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டு, ஏற்றிக்கொண்டிருந்தபோது முருகேசன் போன் செய்தான். அமலி அக்காவின் ஜேசிபியைப் பல வருடமாக ஓட்டுபவன். "சார், அக்கா தவறிடுச்சி சார்" என்றான். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எதற்கும் அவசரப்படாத மனுஷி, இதற்கு மட்டும் என்ன ஓட்டம்?

ஒரகடம், படப்பை பக்கம் மண் வேலை வைத்தவர்களுக்கு அவரைத் தெரியும். இரண்டு ஜேசிபி, ஒரு டிப்பர் லாரி, வாடகைக்கு விடுவார். என்னைவிட நான்கு வயது சின்னவர். ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். இரண்டு பேரும் கடைசிவரை திருத்திக்கொள்ளவில்லை.

எங்கள் பழக்கம் ஒரு மண்வழியால் வந்தது. வல்லம் வடகாலில் என் பேலட் பட்டறைக்கு மெயின் ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தனி வழி. முன்பு வயலாக இருந்த இடம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. நாங்கள் பழகத் தொடங்கிய வருடம் ஒரு தொழிற்சாலை ஆர்டர் தருவதாகச் சொன்னது. சனிக்கிழமை அவர்களுடைய லாரி பட்டறை வாசல் வரை வந்து திரும்ப வேண்டும், முடியாவிட்டால் ஆர்டர் கிடையாது. கையில் வேறு வேலை இல்லை. இதுவும் போனால் பட்டறையில் வேலை பார்க்கும் பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

முள்ளை அகற்றி வழியை அகலமாக்க, போனில் மூன்று பேரிடம் ரேட் கேட்டேன். அக்கா மட்டும் சொல்லவில்லை. மறுநாள் கடப்பாரையோடு வந்து, பத்தடிக்கு ஒரு குத்து குத்தியபடி முழு வழியையும் நடந்தார். "மேல ஒரு ஜாண்தான்ணா கிராவல். கீழ பூரா வயக்காட்டு களி. பெரிய வண்டி வுட்டா கிராவலயும் சேத்து வழிச்சிடும். சின்ன வண்டி போதும். மணிக்கு இன்னா ரேட்டுன்னு கேக்காதீங்க. அள்ற மண்ணு எங்க போவுதுன்னு கேளுங்க."

கேட்டேனா? சங்கிலிப் பட்டையில் ஓடும் பெரிய செயின் வண்டி பாதி நேரத்தில் முடித்துவிடும், பாதிப் பணம் மிச்சம் என்று பெரிய கணக்குப்புலி மாதிரி வேறொருவரிடம் வண்டி எடுத்தேன். அதுவும் ஒரே நாளில் முடித்தது. கருவேலத்தை வேரோடு பிடுங்கியதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. கூடவே கிராவலையும் வழித்து ஓரத்தில் குவித்துவிட்டுப் போய்விட்டது. புதன்கிழமை சாயங்காலம் மழை. வியாழக்கிழமை காலையில் என் வழி நாற்று நடுவதற்குத் தயாராக இருந்தது.

வெட்கத்தை விட்டு அக்காவைக் கூப்பிட்டேன். "அப்பவே சொன்னேனே" என்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் முருகேசனும் ஜேசிபியும் வந்தாயிற்று. அக்கா ஓரத்துக் குவியலைக் கடப்பாரையால் கிளறிப் பார்த்தார்.

"உங்க ரோடு எங்கியும் பூடலண்ணா. ஓரமா குந்திகினு கீது."

சேற்றை வழித்துத் தள்ளி, கிராவலைத் திரும்ப இழுத்துப் பரப்பினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். அக்கா விடவில்லை. "காலி வண்டி எந்த ரோட்லயும் போவும்" என்று தன் டிப்பரில் மண் ஏற்றி நான்கு தடவை ஓட்டச் சொன்னார். மூன்றாவது தடவை வளைவில் சக்கரம் அமுங்கியது. அங்கே உடைகல் கொட்டி மறுபடி ஓட்டினார்கள். சனிக்கிழமை லாரி வந்தது, திரும்பியது, போனது. பட்டறைப் பெண்கள் கை தட்டினார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, பில்லைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருந்ததா? "தெரிஞ்சவங்கதானே, கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா" என்றேன். "தெரிஞ்சவங்களுக்குக் கொறச்சா, தெரியாதவங்க தலயில கட்டணும். வாணாம்ணா" என்று சிரித்தார். முணுமுணுத்துக்கொண்டே முழுப் பணமும் கொடுத்தேன். 'கறார் அக்கா' என்று பட்டம் கட்டியது நான்தான். இதைப் படிக்கும் உங்களில் பலர் அதைச் சொல்லியே அவரைக் கூப்பிட்டீர்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

அக்காவை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் முருகேசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "சார், அந்த வியாழக்கெழம நம்ம வண்டி ரெண்டும் படப்பையில ப்ளாட் போட்ற எடத்துல ஓடிகினு இருந்திச்சி. ஒரு மாச வேல. நடுவுல எடுத்தா வேற ஆள வச்சிப்பேன்னு அந்த ஆளு சொன்னான், வச்சிகினான். 'போனா போவட்டும்டா, அங்க பதினாலு பேரு சோறு கீது, வண்டிய எடு'ன்னு சொல்லிச்சி அக்கா. உங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு வேற சொல்லிச்சி."

ஒரு மாத வேலையை விட்டுவிட்டு வந்தவரிடம் நான் ரேட் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். அதே இடத்தில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன். அழுது முடித்ததும், எனக்கே ஆச்சரியம், மனசு நிறைந்திருந்தது. இப்படி ஒருத்தி எனக்குப் பழக்கமாக இருந்தாளே!

அக்காவுடைய படம்கூட என்னிடம் இல்லை. இன்று காலை எட்டு மணிக்கு அந்தப் பதினான்கு பேரும் வழக்கம்போல வளவளவென்று பேசிக்கொண்டு அந்த வழியில் நடந்து வந்தார்கள். அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சத்தம்தான். அவர்களில் யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. சொல்லக் கூடாது என்று அக்கா கட்டளை போட்டது முருகேசனுக்குத்தான், எனக்கு இல்லை. அதனால் இங்கே உங்களிடம் சொல்லிவிட்டேன்.