மெயின் சுவிட்சை அணைத்த பிறகும்

எங்கள் வீட்டுக் கூடத்தில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு சிவப்பு பல்பு இரவும் பகலும் எரியும். ஜெலுத்தோங்கில் இந்த வீட்டை வாங்கியபோது என் மாமனார் வைத்தது. நான் கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்திலேயே அதன் பெருமையைக் கேட்டுவிட்டேன். பியூஸ் போய் வீடே இருண்டாலும் அந்த விளக்கு மட்டும் அணையாது. வருகிறவர்களிடம் என் கணவர் அதைச் சொல்லாமல் அனுப்பமாட்டார். "வீடே இருட்டா போனாலும் சாமி இருட்டுல இருக்கமாட்டாரு லா!" என்பார். ஒவ்வொரு முறையும் நாங்கள் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில்தான் டார்ச்சைத் தேடுவோம். ஓர் அருள்நிறைந்த மரியே செபம் சொல்லிவிட்டு, அவர் பீங்கான் பியூஸைப் பிடுங்கிப் புதுக் கம்பி சுற்றுவார்.

மகளின் அறையில் ஏர்கான் போட்ட பிறகு பியூஸ் அடிக்கடி போக ஆரம்பித்தது. ஒருநாள் பெட்டியிலிருந்து ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பெட்டியை மாற்றாவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு செபராங் ஜெயாவிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

வயர்மேன் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். எங்களைவிடச் சற்று இளையவர். வாய் ஓயாதவர். பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்ததும் சிரித்தார்.

"அக்கா, இது என்னைவிட மூத்தது. கும்பிட்டுட்டுத்தான் தொடணும்."

"சாமி பக்கத்துலதானே இருக்கு. கும்பிட்டுக்குங்க," என்றார் என் கணவர்.

பெட்டிக்குப் பக்கத்தில்தான் சாமிப் படமும் விளக்கும் இருந்த பீடம். புதிய பிரேக்கர் பெட்டி அகலமானது என்பதால் பீடத்தைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. வயர்மேன் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். காற்றாடி மெல்லச் சுற்றி நின்றது.

"மெயின் அடைச்சாச்சு அண்ணே. மீட்டர் பக்கத்த அப்புறம் பார்த்துக்கலாம். நான் வேன்லேருந்து பெட்டிய எடுத்துட்டு வர்றேன், அதுக்குள்ள சாமி சாமானெல்லாம் இறக்கிடுங்க."

மகள் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறிக்கொண்டாள். பதினாறு வயது, நான்காம் படிவம் படிக்கிறாள், எங்கள் இருவரையும்விட உயரம். வலது கையில் ஈரத்துணி. விழாமலிருக்க இடது கையால் சன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். வாசல் வெயில் நேராகப் பீடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பல்பு எரிகிறதா இல்லையா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அவள் எடுத்துக் கொடுத்த மாதா சுரூபத்தை நான் மேசையில் வைத்துப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"மா, மாதா மூக்குலயே சிலந்தி கூடு கட்டியிருக்கு. நீங்க வாரா வாரம் தொடைக்கிறேன்னு சொன்ன..."

பேச்சு நின்றுவிட்டது. திரும்பினேன். உதடுகள் பின்னால் இழுபட்டுப் பற்கள் தெரிந்தன. துணியோடு சேர்த்து விளக்கின் உறை வெடித்த பழைய வயரைப் பிடித்திருந்த கை அதிர்ந்துகொண்டிருந்தது. வாயிலிருந்து சத்தமே வரவில்லை. என்னைப் பயமுறுத்துகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"விளையாடாத," என்றேன்.

என் கணவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டிக்கு ஓடினார். சுவிட்ச் ஏற்கெனவே கீழேதான் இருந்தது. அதையே மறுபடி மறுபடி கீழே அழுத்தினார்.

"அடைச்சிதான் இருக்கு! அடைச்சிதான் இருக்கு!"

நான் அவளை இடுப்போடு கட்டிப் பிடிக்கப் போனேன். "தொடாத!" என்று அவர் அலறினார். பிள்ளை கண்ணெதிரே துடிக்கிறாள், அணைக்க வேறு சுவிட்ச் இல்லை, தொடவும் கூடாது. நான் ஸ்டூலை உதைத்தேன். அது நகர்ந்தது, ஆனால் சாயவில்லை. இன்னொரு முறை, இருந்த பலத்தையெல்லாம் காலில் வைத்து உதைத்தேன். அவள் மூட்டை சரிவதுபோல் விழுந்தாள். அவள் பாரத்தில் வயரும் அறுந்தது. தரையில் கிடந்து அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவளைத் தொட்டேன்.

சத்தம் கேட்டு வயர்மேன் ஓடிவந்தார். அறுந்து தொங்கிய வயரில் டெஸ்ட் பென்னை வைத்தார். பென்னுக்குள் சின்ன விளக்கு எரிந்தது, வயரில் இன்னும் கரண்ட் இருந்தது. வயர் போன வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து பெட்டியின் பின்பக்கம் வரை பார்த்தார்.

"அண்ணே, இது மெயினுக்கு முன்னாலயே இழுத்திருக்கு. மீட்டர்லேருந்து நேரா. யாரு செஞ்சா இப்படி?"

என் கணவர் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க அப்பா," என்றார். "பியூஸ் போனாலும் சாமி விளக்கு அணையக்கூடாதுன்னு..."

"நானும் பென் வெச்சுப் பார்க்காம போயிட்டேன் கா," என்றார் வயர்மேன்.

மருத்துவமனையில் அவள் இருதயத் துடிப்பை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். மாலைவரை படுக்க வைத்திருந்தார்கள். வலது விரல்களில் வெள்ளையாகத் தீக்காயம். இடது உள்ளங்கையில் சன்னல் கம்பியின் அகலத்துக்கு ஒரு கோடு. ஒரு கையில் நுழைந்த மின்சாரம் மறு கைக்குப் போகும் வழியில் நெஞ்சு இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இப்போது வீட்டில் புதிய பெட்டி இருக்கிறது. கரண்ட் கொஞ்சம் கசிந்தாலும் பிரேக்கர் தானாக விழுந்துவிடும். சாமி விளக்கையும் அதன் வழியாகவே இணைக்கச் சொன்னார் என் கணவர், நான் கேட்கவேயில்லை. பெரிய இடி இடித்த ஒரு மாலை பிரேக்கர் விழுந்து, அந்த விளக்கும் சேர்ந்து அணைந்தது. அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, இருட்டில் தடவித் தடவி டார்ச்சைத் தேடினார்.

மகளின் கைக் காயம் ஆறிவிட்டது. அவள் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை. அவள் குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே வாட்டர் ஹீட்டர் ஓடும். அவள் பாடிக்கொண்டே குளிப்பவள். திடீரென்று பாட்டு நின்றுவிட்டால் என் கை தானாகக் கதவைத் தட்டுகிறது.

"மா, மறுபடியும் அங்கதான் நிக்கிறீங்களா?"

"ஏன் நிறுத்திட்ட? பாடு."

"ஷாம்பு வாயில போகுது லா! எப்படிப் பாடுறது?"

"போனா போகட்டும். பாடு."